குந்தி உட்கார முடிகிற ஜீன்ஸ்

உம்பர்த்தோ எகோ 1976இல் ஒரு சின்னக் கட்டுரை எழுதினார். ஆங்கிலத்தில் 'லம்பர் தாட்' என்று வந்தது. தமிழில் 'இடுப்புச் சிந்தனை' என்று வைத்துக்கொள்ளலாம். விஷயம் ரொம்ப எளிது. உடம்பு பெருத்துப் பல வருஷமாக ஜீன்ஸை விட்டிருந்த பேராசிரியர், கொஞ்சம் இளைத்ததும் மறுபடி ஒன்றைப் போட்டுப் பார்க்கிறார். போட்ட நிமிஷத்திலிருந்து அவருக்கு இடுப்புக்குக் கீழே ஓர் உடம்பு இருப்பது ஓயாமல் ஞாபகம் வருகிறது. நடை மாறுகிறது, உட்காருகிற விதம் மாறுகிறது. கவனமெல்லாம் வெளியே, தான் எப்படித் தெரிகிறோம் என்பதிலேயே நிற்கிறது. அங்கிருந்து எகோ பெரிய இடத்துக்குத் தாவுகிறார்: கவசம் மாட்டிய போர்வீரன் வெளியுலகத்துக்காக வாழ்ந்தான், துறவிதான் உடம்பை மறக்கவிடும் தொளதொள அங்கியைக் கண்டுபிடித்தான், அதனால்தான் அவனால் யோசிக்க முடிந்தது. இறுக்கமான உடுப்பைக் காலங்காலமாகப் பெண்கள் மேல் சுமத்தியதன் பொருளும் இதுதான் என்கிறார்.

நல்ல கட்டுரை. படிக்கிற எவருக்கும் தன் பேன்ட்டைக் குனிந்து பார்க்கத் தோன்றும். ஆனால் இதை ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ உட்கார்ந்து படித்தால் ஓரிடத்தில் இடிக்கிறது. எகோவின் கணக்குப்படி உடம்பை மறக்கவிடும் உடைதான் சிந்தனையின் உடை என்றால், அப்படி ஒன்று நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. கைலி. இடுப்பில் ஒரு சுற்று, ஒரு செருகல். பட்டன் இல்லை, ஜிப் இல்லை, தொடையிடுக்கில் தையல் இல்லை. காசிமேட்டில் வலை பின்னுகிறவரும், கேரம் போர்டில் காயை அடிக்கிறவரும், நைட் ஷிஃப்ட் முடித்து வீட்டுத் திண்ணையில் பேப்பர் படிக்கிறவரும் இதில்தான் இருக்கிறார்கள். எகோ சொல்வது சரியென்றால் இந்த ஊர் தத்துவஞானிகளால் நிரம்பியதாக அல்லவா கருதப்பட்டிருக்க வேண்டும்? நம் சினிமா கைலியை அப்படியா பார்த்தது?

ஒரு ஆண் தனக்கு வசதியான பேன்ட்டைத் தேடுவது அற்ப விஷயம் மாதிரித் தெரியும். அதை இங்கே இழுத்துப் பேசுவதற்குக் காரணம் இந்த இடறல்தான். 'வசதி' என்ற சொல்லைத் துணிக்கடை ஒரு மாதிரி சொல்கிறது, சினிமா ஒரு மாதிரி, சட்டம் ஒரு மாதிரி, புத்தகம் ஒரு மாதிரி சொல்கிறது. நாலையும் ஒரே கொடியில் காயப்போட்டுப் பார்க்கலாம்.

*

முதலில் சினிமா.

தமிழ்ப்படத்தில் வடசென்னை ஆள் கைலியை மடித்துக் கட்டினால் அடுத்த ஷாட்டில் கத்தி வரும். பல வருஷமாக நாம் பார்த்துப் பழகிய இலக்கணம் இது. அங்கே கைலி ஒரு துணி என்பதைத் தாண்டி எச்சரிக்கைப் பலகை ஆகிவிடுகிறது. எகோவிடம் தொளதொள ஆடை 'உள்ளே ஒரு மனசு இருக்கிறது' என்று சொல்கிறது. நம் திரையில் அதே தொளதொளப்பு, 'இவனிடம் உடம்பு மட்டும்தான் இருக்கிறது' என்று சொல்கிறது. ஆக, உடை தானாக எதையும் சொல்வதில்லை. உள்ளே யாரை நிறுத்தியிருக்கிறோம் என்பதைப் பொறுத்து அது பேசுகிறது. எகோ தன் கட்டுரையில் கேட்காமல் விட்ட கேள்வி இது. பேராசிரியர் எதைப் போட்டாலும் பேராசிரியர்தான் என்பதால் அவருக்கு அது கேட்கத் தோன்றவில்லை.

ஜீன்ஸ் திரையில் வேறு பாஷை பேசியது. 1998இல் ஷங்கர் ஒரு படத்துக்கே 'ஜீன்ஸ்' என்று பெயர் வைத்தார். இரட்டையர்கள் கதை என்பதால் மரபணுவையும் தொடுகிற சிலேடை அது. ஆனாலும் போஸ்டரில் பெயரைப் படித்தவனுக்கு முதலில் ஞாபகம் வந்தது அமெரிக்காதான். அதற்கு முன்னால் 1975இல் இந்தியில் 'தீவார்'. அமிதாப் பச்சன் துறைமுகக் கூலியாக வருகிறார். நீலச் சட்டையின் முனையை முடிச்சுப் போட்டு, தோளில் கயிறோடு. 1981இல் அதே கதை 'தீ' என்று தமிழில் ரஜினிக்கு வந்தது. துறைமுகத்து ஆள் ஸ்டைலாக இருக்கலாம் என்று சினிமா அனுமதித்த இடம் அது. ஆனால் அந்த அனுமதி ஹீரோவுக்கு மட்டும். பின்னால் மூட்டை தூக்கும் ஐம்பது பேருக்குக் கிடையாது.

பா. ரஞ்சித்தின் படங்களில்தான் இந்தப் பகுதியின் ஆண் உடை முதன்முறையாக நிதானமாகப் பார்க்கப்பட்டது என்பது என் அபிப்பிராயம். 'மெட்ராஸ்' (2014) படத்தின் காளி ஹவுசிங் போர்டில் இருந்து ஐ.டி. வேலைக்குப் போகிறவன், ஃபுட்பால் ஆடுகிறவன். ஒரே ஆளுக்கு ஒரே நாளில் இரண்டு மூன்று உடம்பு தேவைப்படுகிறது என்பது அந்தப் பாத்திரத்திலேயே இருக்கிறது. 'சார்பட்டா பரம்பரை'யில் (2021) கபிலன் துறைமுகத்தில் கூலி வேலை பார்க்கிறவன். அவன் உடம்புக்கு முழு மரியாதை கிடைப்பது ரிங்குக்குள், குத்துச்சண்டை டவுசரில். அகலமான இடுப்புப் பட்டை, தொடையைத் தொடாத தொளதொளப்பு, காலைத் தூக்கி வைக்கத் தடை இல்லாத வெட்டு. இந்தப் பகுதியின் ஆண்களுக்கென்றே தைத்தது மாதிரி பொருந்தி நின்ற உடை அதுதான். அதை அணிந்து வெளியே போக முடியாது என்பதுதான் சங்கடம்.

'கபாலி'யில் (2016) காந்தி உடையைக் குறைத்ததையும் அம்பேத்கர் கோட் போட்டதையும் எதிரெதிரே நிறுத்துகிற வசனம் வரும். எல்லோரும் கைதட்டிய இடம். ஆனால் கோட் என்பது விசேஷ உடை. ஒருவன் தினமும் போட்டுக்கொண்டு பஸ் ஏறுகிற பேன்ட்டைப் பற்றி நம் சினிமா இன்னும் அதே அளவு யோசிக்கவில்லை. கௌரவம் என்பதைப் பெரிய தருணங்களின் உடையாகவே அது பார்க்கிறது. செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணியின் உடையாக அதற்குப் பார்க்கத் தெரியவில்லை.

*

இப்போது துணிக்கு வருவோம். ஜீன்ஸ் மேல்தட்டு உடுப்பு, வெளியே இருந்து வந்தது, நம்ம ஆளுங்களுக்கு ஒட்டாது என்று ஒரு பேச்சு உண்டு. வரலாறு நேர் எதிராகச் சொல்கிறது.

'ஜீன்' என்ற பெயர் ஜெனோவாவிலிருந்து வந்தது என்பார்கள். அது ஒரு துறைமுகம். 'டங்கரீ' என்ற சொல் பம்பாய் டோங்கிரியிலிருந்து போனது. கப்பல்காரர்கள் போட்ட முரட்டுப் பருத்தித் துணி. அதுவும் துறைமுகம். ஆக ஜீன்ஸ் பிறப்பிலேயே ஹார்பர் ஆள். 1873 மே 20 அன்று ஜேக்கப் டேவிஸும் லீவை ஸ்ட்ராஸும் செம்பு ரிவெட் அடித்த பேன்ட்டுக்குக் காப்புரிமை வாங்கினார்கள். சுமை, ஆணி, கல் என்று வேலை செய்கிறவர்களின் பாக்கெட் கிழியக் கூடாது என்பதுதான் நோக்கம். அந்தக் காலத்து ஜீன்ஸ் தொளதொளவென்று இருந்தது. 'வேஸ்ட் ஓவரால்ஸ்' என்றே அதற்குப் பெயர். பெல்ட் மாட்டும் வளையங்களே 1922இல்தான் வந்தன. அதுவரை தோள்பட்டை வார்தான். தொடையிடுக்கில்கூட ஒரு ரிவெட் இருந்தது. நெருப்புக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தால் அது சூடேறி வேண்டாத இடத்தில் சுட்டது என்று ஒரு கதை உண்டு. இரண்டாம் உலகப்போர் காலத்தில் உலோகச் சிக்கனத்தோடு அந்த ரிவெட் போயே போச்சு. இறுக்கிப் பிடிக்கும் ஜீன்ஸ் என்பது பின்னால் வந்த மோஸ்தர். எகோ குறை சொன்ன ஜீன்ஸ், வேலைக்காரன் கையிலிருந்து பறிபோன பிறகான ஜீன்ஸ்.

நீலத்துக்கும் இந்தக் கடற்கரைக்கும் தொடர்பு உண்டு. 1897இல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவரும் வரை, அவுரியிலிருந்து எடுத்த நீலம் மெட்ராஸிலிருந்து கப்பல் ஏறிய முக்கியச் சரக்குகளில் ஒன்று. வண்ணாரப்பேட்டை என்ற பெயரே கம்பெனிக்காகத் துணி வெளுத்தவர்களால் வந்தது. அன்று துணி வெளுத்தால் புதுசு. இன்று ஜீன்ஸ் வெளுத்தால்தான் புதுசு. தொடையில் வெளுத்த மாதிரி தேய்த்து விற்கிறார்கள், அதற்குத் தனி விலை.

பேன்ட் துணி செய்த ஊரும் இதுதான். பெரம்பூர் பக்கத்து பி அண்ட் சி ஆலையின் காக்கி டிரில் ராணுவத்துக்கும் போலீஸுக்கும் போனது. 1918 ஏப்ரல் 27 அன்று மெட்ராஸ் லேபர் யூனியன் உருவானது அந்த ஆலைத் தொழிலாளர்களை வைத்துத்தான். 1921இல் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம், துப்பாக்கிச் சூடு, புளியந்தோப்பில் சாதிக் கலவரம். அதே வருஷம் செப்டம்பர் 22 அன்று மதுரையில் காந்தி சட்டையைக் கழற்றி அரைத்துணிக்கு மாறினார். நம் பாடப்புத்தகத்தில் இரண்டாவது செய்தி இருக்கிறது. காக்கி பேன்ட்டுக்குத் துணி நெய்தவர்கள் அந்த மாதம் எதை உடுத்தி, எதைச் சாப்பிட்டு வேலைநிறுத்தத்தில் நின்றார்கள் என்பதற்கு அங்கே இடமில்லை.

அப்புறம் பர்மா பஜார். பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் துறைமுகத்தை ஒட்டிக் கடை போட்டார்கள். கப்பலில் வந்த 'ஃபாரின்' சாமான்களோடு ஜீன்ஸும் வந்தது. இப்படித்தான் கூலிக்காரனின் பேன்ட் கூலிக்காரர்கள் வேலை செய்யும் துறைமுகத்தில் இறங்கி, கூலிக்காரனால் வாங்க முடியாத விலைக்கு விற்றது.

அந்த விலையை உடைக்க நடந்த முயற்சிகளில் சுவாரசியமானது அர்விந்த் மில்ஸின் 'ரஃப் அண்ட் டஃப்'. 1995இல் 195 ரூபாய்க்கு ஒரு பொட்டலம்: டெனிம் துணி, ஜிப், ரிவெட், லேபிள். வாங்கித் தெருமுனை டெய்லரிடம் கொடுத்தால் ஜீன்ஸ். தொடக்கத்தில் அது பிய்த்துக்கொண்டு விற்றது. விலை ஒரு காரணம். இன்னொன்றை வணிகப் பாடங்கள் அதிகம் பேசுவதில்லை: அந்த ஜீன்ஸ் உன் அளவுக்குத் தைத்தது. கம்பெனியின் கற்பனை ஆளுக்காக வெட்டியது இல்லை.

*

'வசதி' என்றால் என்ன என்று உட்கார்ந்து ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். மானுடவியலாளர் டேனியல் மில்லரும் சோஃபி உட்வர்டும் வட லண்டனின் சில தெருக்களில் மக்கள் ஜீன்ஸை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்த்து 2012இல் 'ப்ளூ ஜீன்ஸ்' என்ற புத்தகம் எழுதினார்கள். மக்கள் 'கம்ஃபர்டபிள்' என்று சொல்லும்போது துணி மெத்தென்று இருப்பதை மட்டும் சொல்லவில்லை என்பது அவர்கள் கண்டது. கூட்டத்தில் தனித்துத் தெரியாமல், விளக்கம் சொல்லத் தேவையில்லாமல் இருப்பதையும் அந்தச் சொல்லால்தான் குறிக்கிறார்கள். வேறு நாட்டிலிருந்து குடியேறியவர்களுக்கும் ஜீன்ஸ் அந்தச் சாதாரணத்தைத் தந்தது. எந்த அர்த்தமும் இல்லாமல் இருப்பதே அதன் அர்த்தம்.

கவர்ச்சியான முடிவு. ஆனால் அதே மில்லர் கேரளத்தின் கண்ணூருக்கு வந்தபோது படம் மாறியது. அங்கே ஜீன்ஸ் சாதாரணமாகிவிடவில்லை. வயசு, மதம், கல்யாணம் ஆனவரா இல்லையா என்பதெல்லாம் அதில் ஒட்டிக்கொண்டிருந்தது. கண்ணூரிலிருந்து நம் பக்கம் வந்தால் ஒட்டிக்கொண்டிருப்பது இன்னும் கனமானது.

2012 நவம்பரில் தருமபுரி நாயக்கன்கொட்டாய் பகுதியில் தலித் குடியிருப்புகள் எரிக்கப்பட்டன. அதை ஒட்டிய வாரங்களில் பாமக நிறுவனர் ராமதாஸ், தலித் இளைஞர்கள் ஜீன்ஸ், டி-சர்ட், கூலிங் கிளாஸ் போட்டு மற்ற சாதிப் பெண்களை மயக்குகிறார்கள் என்ற பொருளில் பேசியது எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது. ஒரு மேடைப் பேச்சில் பேன்ட் குற்றச்சாட்டு ஆனது. லண்டன் ஆய்வு சொல்லும் 'எந்த அர்த்தமும் இல்லாத உடை' இங்கே ஒருத்தன் போட்டால் மட்டும் சாதாரணம், இன்னொருத்தன் போட்டால் திமிர். வசதி என்பதைத் தொடைச் சுற்றளவால் மட்டும் அளக்க முடியாது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

இன்னொரு பக்கம் 2014. சென்னையில் கிரிக்கெட் சங்க கிளப் ஒன்றில் வேட்டி கட்டிப் போன நீதிபதி அரிபரந்தாமன் உள்ளே விடப்படவில்லை. பெரிய கொந்தளிப்பு. அதே வருஷம் சட்டமன்றம், பொது இடங்களில் வேட்டிக்குத் தடை போடக் கூடாது என்று சட்டம் கொண்டுவந்தது. நல்ல சட்டம். ஆனால் அந்த விவாதம் முழுக்க வெள்ளை வேட்டியைப் பற்றியது, பண்பாட்டைப் பற்றியது. கைலி அந்தப் பண்பாட்டில் சேர்த்தியா? கட்டம் போட்ட கைலியோடு ஒரு ஷோரூமுக்குள் போய்ப் பாருங்கள். செக்யூரிட்டி அண்ணன் தடுக்கக்கூட மாட்டார். பார்ப்பார். அந்தப் பார்வைக்கு எதிராகச் சட்டம் போட முடியாது. அதனால் ஆள் பேன்ட்டுக்கு மாறுகிறான்.

வெள்ளை என்று சொன்னதும் இன்னொன்று. வெள்ளை வேட்டி இந்தக் கடற்கரையில் எவ்வளவு நேரம் வெள்ளையாக இருக்கும்? ராயபுரத்து வீடுகளில் துறைமுக நிலக்கரித் தூசி படிந்தது ஊரறிந்த கதை. 2011இல் உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பின் நிலக்கரியும் இரும்புத் தாதுவும் சென்னைத் துறைமுகத்தைவிட்டு எண்ணூருக்குப் போயின. தூசி நிற்கவில்லை, இடம் மாறியது. எண்ணூரில் அனல் மின்நிலையச் சாம்பலை மொட்டைமாடிக் கொடியில் காயும் துணியில் விரலால் தொட்டு எடுக்கலாம். 2017 ஜனவரியிலும் 2023 டிசம்பரிலும் எண்ணெய் கொட்டியபோது மீனவர்கள் உடுத்தியிருந்த துணி எந்த சோப்புக்கும் மசியவில்லை. அடர் நீல ஜீன்ஸ் இங்கே விரும்பப்படுவதற்கு ஃபேஷன் மட்டும் காரணமில்லை. அழுக்கைக் காட்டிக்கொடுக்காத துணி அது. 'துவைக்காம நாலு நாள் போடலாம்' என்று கேலியாகச் சொல்வார்கள். அதில் தண்ணீர்ப் பஞ்சத்தின் கணக்கும் இருக்கிறது, மானத்தின் கணக்கும் இருக்கிறது.

*

இனி பேன்ட்டையே ஒரு பிரதியாகப் படிப்போம். எம்.சி. ரோடு, பழைய வண்ணாரப்பேட்டை. தீபாவளிக்கு முன்னால் நடக்கவே இடம் இருக்காது.

"ண்ணா, ட்ரையல் ரூம் கீதா?"

"இல்ல தம்பி. கழுத்துல சுத்திப் பாரு. ரெண்டு முனையும் தொட்டுச்சுன்னா உன் சைஸ்தான்."

இந்தக் கழுத்து அளவை யாரும் கேலி செய்ய வேண்டாம். இடுப்புக்கு அது ஓரளவு சரியாகவே வரும். ஆனால் அது இடுப்பை மட்டும்தான் சொல்லும். ஒரு பேன்ட் கடிப்பதோ கடிக்காததோ வேறு மூன்று இடங்களில் தீர்மானமாகிறது.

முதலாவது, 'ரைஸ்'. தொடையிடுக்குத் தையலிலிருந்து இடுப்புப் பட்டை வரை உள்ள நீளம். இது குறைந்தால் லோ வேஸ்ட். நின்றால் அழகு, குந்தினால் பின்பக்கம் ஊருக்குத் தெரியும். சென்னைப் பேச்சில் 'குந்து' என்றாலே 'உட்கார்' என்றுதான் அர்த்தம். இந்த ஊர் உடம்புக்குக் குந்துவது இயல்பான நிலை. வலை பிரிக்க, பைக் செயின் மாட்ட, மீன் வாங்க, குழந்தையோடு பேச எல்லாவற்றுக்கும் குந்த வேண்டும். நாற்காலியில் உட்காரும் உடம்பை மனசில் வைத்து வெட்டிய பேன்ட் இங்கே தோற்கும். பின் ரைஸ் முன் ரைஸைவிட நல்ல நீளமாக இருக்கிறதா என்று பாருங்கள். முடிந்தால் கடையிலேயே ஒருமுறை குந்திப் பாருங்கள். யார் சிரித்தாலும் பரவாயில்லை.

இரண்டாவது, தொடை. சுமை தூக்குகிறவன், ஃபுட்பால் ஆடுகிறவன், பாக்ஸிங் போகிறவன் இவர்களுக்கு இடுப்பு 32, தொடை மட்டும் வேறு கணக்கு. ஸ்லிம் ஃபிட் முழங்காலுக்கு மேலே ஏறாது. அதனால் 36 வாங்கி, டெய்லரிடம் கொடுத்துப் பின்பக்கத் தையலைப் பிரித்து இடுப்பை உள்ளே வாங்குகிறார்கள். தெருமுனை ஆல்டரேஷன் கடைக்காரர்தான் இந்தப் பகுதியின் உண்மையான வடிவமைப்பாளர். லேபிளில் 32 என்று இருப்பது பெரும்பாலும் 32 அங்குலம் இல்லை. வாங்குகிறவனைச் சந்தோஷப்படுத்தக் கம்பெனிகள் நம்பரைக் குறைத்துப் போடுவது உலக வழக்கம். இந்திய உடம்புக்கென்று ஓர் அளவு அட்டவணை வேண்டும் என்று நிஃப்ட் பல நகரங்களில் ஆயிரக்கணக்கானோரை ஸ்கேனரில் அளந்திருக்கிறது. அந்த வேலையை டேப்பும் சாக்பீஸும் வைத்துத் தினமும் செய்கிறவர் இந்த டெய்லர்.

மூன்றாவது, நாலு தையலும் சந்திக்கும் தொடையிடுக்கு. பைக்கில் எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஒரு மணி நேரம் போகிறவனுக்கு அந்த முடிச்சு என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. அங்கே ஒரு சாய்சதுரத் துண்டு வைத்துத் தைத்தால் நாலு தையல் ஓரிடத்தில் குவியாது, காலும் அகலும். நம்ம ஊர் சல்வாரிலும் பைஜாமாவிலும் காலங்காலமாக இருக்கிற சங்கதிதான். விலையுயர்ந்த வெளிநாட்டு மலையேற்றப் பேன்ட்டில் இதையே புதுமை என்று விற்கிறார்கள்.

துணிக்கு வந்தால், டெனிமின் கனத்தைச் சதுர கஜத்துக்கு எத்தனை அவுன்ஸ் என்று சொல்வார்கள். 14 அவுன்ஸ் என்றால் சதுர மீட்டருக்கு சுமார் 475 கிராம். பனிக்காற்றுக்கு நல்லது. மே மாதம் திருவொற்றியூரில் அது தண்டனை. 8இலிருந்து 10 அவுன்ஸுக்குள் இருந்தால் தாங்கலாம், ஒரே ராத்திரியில் காயவும் செய்யும். நீட்சிக்கு ஒன்றிரண்டு சதவீதம் எலாஸ்டேன் போதும். பாலியஸ்டர் அதிகம் கலந்தால் விலை குறையும், வியர்வை நிற்கும். ஈரமும் இறுக்கமும் சேர்ந்த இடத்தில் படர்தாமரை வரும் என்று எந்தத் தோல் மருத்துவரும் சொல்வார். நம் ஆண்கள் அதை வெளியே சொல்லாமல் மெடிக்கல் ஷாப்பில் ஏதோ ஒரு ஸ்டீராய்டு க்ரீமை வாங்கித் தடவிப் பெரிதாக்கிக்கொள்கிறார்கள். வெல்டிங் பட்டறையில் வேலை என்றால் பாலியஸ்டரே கூடாது. தீப்பொறி பட்டால் பருத்தி கருகும், பாலியஸ்டர் உருகித் தோலில் ஒட்டும்.

இவ்வளவும் தெரிந்த பிறகு 'கம்ஃபர்ட் ஃபிட்' என்ற லேபிளைப் பாருங்கள். கடைகளில் அதன் நடைமுறை அர்த்தம் 'அங்கிள் ஃபிட்'. தொப்பை விழுந்தவருக்கு மூலையில் ஒரு ரேக். வசதி என்பது தோற்றவனுக்கான ஆறுதல் பரிசு போல. இளைஞன் என்றால் இறுக்கம்தான் என்று பத்துப் பதினைந்து வருஷம் பென்சில் ஃபிட்டில் ஓட்டினோம். இப்போது கொரியாவிலிருந்து பேகி திரும்பி வந்திருக்கிறது. தொண்ணூறுகளில் பிரபுதேவா தொளதொள பேன்ட்டில் ஆடியபோது அது ஆடுகிறவனின் உடை. கால் போகிற இடத்துக்குத் துணி போக வேண்டும். இன்று எம்.சி. ரோட்டில் பசங்க வாங்கும் பேகியில் குந்த முடிகிறது, காற்று போகிறது, தொடை இடிக்கவில்லை. எண்ணிப் பார்த்தால், நடுவில் ஒரு தையல் போட்ட கைலி அது. கைலியாக இருந்தபோது முறைத்த செக்யூரிட்டி, அது சியோல் வழியாகச் சுற்றிவந்தால் கதவைத் திறந்துவிடுகிறார். எனக்கு இதில் எரிச்சலும் உண்டு, சந்தோஷமும் உண்டு. எந்த வழியாக வந்தாலும் வந்த சௌகரியத்தை விட வேண்டாம்.

*

கடைசியாக நம் இலக்கியம். ஆங்கிலோ இந்தியரைச் 'சட்டைக்காரர்' என்று அழைத்த ஊர் இது. கரன் கார்க்கியின் ஒரு நாவலின் பெயரே 'சட்டைக்காரி'. ஒருவரின் இனத்தையே உடுப்பால் குறித்த பேச்சுமொழி நம்முடையது. வடசென்னையை எழுதியவர்கள் ரயிலை, கடலை, ஆலைச் சங்கை, சாராயத்தை, சண்டையை, சாவை எழுதியிருக்கிறார்கள். ஆண் பாத்திரத்தின் பேன்ட் என்று வரும்போது மட்டும் எழுத்து நழுவுகிறது. 'ஜீன்ஸ் அணிந்திருந்தான்' என்று ஒரு வரி. அது எத்தனாவது கைமாறிய ஜீன்ஸ், அண்ணனுடையதா, உள்தொடை தேய்ந்து ஒட்டுப்போட்டதா, இன்டர்வியூவுக்குப் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கியதா? புடவையைப் பற்றி நம் புனைவு இந்தக் கேள்வி எல்லாம் கேட்டிருக்கிறது. ஆணின் உடம்பு கூச்சப்படுகிற, அரிக்கிற, வியர்க்கிற, சரியான அளவு கிடைக்காமல் அல்லாடுகிற உடம்பு என்பதை ஒப்புக்கொள்ள அது இன்னும் தயங்குகிறது. சினிமா அந்த உடம்பைக் கத்தி பிடிக்கிற உடம்பு என்கிறது; இலக்கியம் உழைக்கிற உடம்பு என்கிறது. இரண்டிலும் அது சௌகரியத்தைத் தேடுகிற உடம்பு இல்லை.

எகோவிடம் திரும்பிப் போனால், உடம்பை மறக்கவிடும் உடைதான் யோசிக்கவிடும் என்ற அவர் வாதத்தை நான் முழுசாக ஏற்கிறேன். ஒரே ஒரு திருத்தம். உடம்பை மறப்பது தையல்காரர் கையில் மட்டும் இல்லை. பாலத்துக்கு அந்தப் பக்கம் போகும்போது, கம்பெனி கேட்டில் நிற்கும்போது, ராத்திரி வண்டியை ஓரங்கட்டி போலீஸ் பேர் கேட்கும்போது, தன் உடம்பை ஞாபகப்படுத்துகிறவர்கள் எதிரே இருக்கும்வரை எவ்வளவு நல்ல ஜீன்ஸும் கொஞ்சம் இறுக்கித்தான் பிடிக்கும். அதைத் தளர்த்துகிற வேலை எழுதுகிறவர்களுக்கும் படம் எடுக்கிறவர்களுக்கும் இருக்கிறது. அதுவரைக்கும் பின் ரைஸ் நீளமாக, தொடை தளர்வாக, பத்து அவுன்ஸுக்கு மேல் போகாமல் பார்த்து வாங்குங்கள். வாங்கும் முன் ஒருமுறை குந்திப் பாருங்கள்.